அவசரக்காரர்களுக்கு இடமில்லை

நாட்டின் வடகோடியில், லூலியோ நகரத்தில், பனிக்காலம் வந்தால்தான் சிக்ஸ்டன் புரோலினுக்குப் பிழைப்பு. குப்பைப் பையைப் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று ஜனங்கள் வீட்டுச் செருப்போடு வெளியே வருவார்கள். ஒரு நிமிஷ வேலைக்குச் சாவி எதற்கு? பின்னால் கதவு டொக்கென்று சாத்திக்கொள்ளும். அந்த ஊர்க் கதவுகளுக்குத் தானாகப் பூட்டிக்கொள்ளத் தெரியும், தானாகத் திறக்கத் தெரியாது. அப்புறம் என்ன, விறைத்த விரலால் கைபேசியைத் தட்டி 'பூட்டு', 'கதவு', 'உதவி', 'ஐயோ' என்று வாயில் வந்ததையெல்லாம் தேடுவார்கள். தேடிய பக்கத்தின் உச்சியில் சிக்ஸ்டனின் விளம்பரம் நிற்கும். தொட்டால் ஒரு போன் நம்பர். கூப்பிட்டால் டீசா.

டீசா அவர் மனைவி. "எங்கே நிக்கிறே? கால்ல என்ன போட்டிருக்கே? சரி சரி, சும்மா நிக்காதே, குதிச்சுக்கிட்டே இரு, அவன் கிளம்பிட்டான்" என்பாள். லூலியோவில் மேயருக்கும் மீன்காரிக்கும் ஒரே 'நீ'தான், மரியாதையெல்லாம் குரலில்தான் இருக்கும். டீசாவின் குரலில் அது தாராளமாக இருந்தது. பாதி ஊர் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே பனியில் குதித்திருக்கிறது. சிக்ஸ்டன் வேனில் போய்க் கதவைத் திறப்பார், அவர்கள் உள்ளே ஓடுவார்கள், நன்றி சொல்லக்கூட நிற்க மாட்டார்கள். அவரும் அதை எதிர்பார்த்ததில்லை.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பு. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்களே, அந்தக் கதையாக ஒரு நாள் வியாபாரிகள் சங்கத்துக் காலை விருந்துக்குப் போனார் சிக்ஸ்டன். அங்கே மெல்கர் என்ற ஒரு ஆள் பேசினான். முப்பத்தைந்து வயதிருக்கும். தலைநகரத்திலிருந்து வந்து, 'ரேனா ஸ்டெக்' என்று ஒரு நிறுவனம் வைத்திருந்தான். தேடல் விளம்பரங்களை நிர்வாகம் செய்வதும், அதன் வழியாக வருகிறவர்களின் தரத்தை உயர்த்துவதும் அதன் வேலை.

"உங்க இணையப் பக்கத்துக்குத் தினமும் ஆளுங்க வர்றாங்க. சந்தோஷம்" என்றான் மெல்கர். "ஆனா அவங்க யாரு? உங்க வீட்டு வரவேற்பறையில அவங்களை உட்கார வைப்பீங்களா?"

முட்டையை உரித்துக்கொண்டிருந்த சிக்ஸ்டனுக்குச் சுருக்கென்றது. அவர் இதை யோசித்ததே இல்லை. பக்கத்து வீட்டுப் பூட்டை எப்படித் திறப்பது என்று கேட்ட குடிகாரன் ஞாபகத்துக்கு வந்தான். ரொட்டிக்கடை திறந்திருக்கிறதா என்று கேட்ட பையன். நாட்டின் தென்கோடியிலிருந்து கூப்பிட்டு, எவ்வளவு நேரத்தில் வருவாய் என்று கேட்ட அம்மாள். ஒவ்வொருத்தர் வந்து எட்டிப் பார்த்ததற்கும் சிக்ஸ்டன் விளம்பரக் காசு கொடுத்திருந்தார். அவர்களை மட்டும் நிறுத்திவிட்டால் நல்லதுதானே?

"ஓடுற வண்டியை எதுக்கு நிறுத்திப் பார்க்கறே?" என்றாள் டீசா.

"தரம் உசரும்ங்கறான்."

"யாரு தரம்? உன்னோடதா, அவனோடதா?"

சிக்ஸ்டனுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. தெற்கேயிருந்து ஒரு பெரிய பூட்டுக் கம்பெனி ஊர் ஊராக வந்து, தனிப் பூட்டுக்காரர்களை ஒவ்வொருவராகச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டிருந்தது. அதன் ஆள் எவெர்ட் ஒரு மஞ்சள் கோட்டைக் கொண்டுவந்து பட்டறையில் ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருந்தான். "போட்டுப் பாரு, உன் அளவுதான். இந்தப் பனிக்காலம் எப்படிப் போகுதுன்னு பார்த்துட்டுச் சொல்லு" என்றான். கோட்டைப் போட்டால் பட்டறையை மூடிவிட வேண்டும். போனைத் தெற்கே இருக்கும் பெண்கள் எடுப்பார்கள். டீசாவுக்கு அதில் வேலை கிடையாது. அந்தக் கோட்டைப் போடாமல் தப்பிக்க வேண்டும் என்றுதான் சிக்ஸ்டன் மெல்கரிடம் போனார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

ரேனா ஸ்டெக் அதே தெருவில்தான் இருந்தது, துறைமுகப் பக்கம். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே ஒரு ஷூ அலமாரி, அதற்கு மேல் ஒரு பலகை: வெளி அழுக்கு வெளியே. வாசலில் ஷூவைக் கழற்றுவது அந்த ஊரில் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் இவர்கள் அதை ஒரு கொள்கையாக்கி வைத்திருந்தார்கள்.

"அழுக்கு வருகையைத் தடுக்கறவங்க நாங்க" என்றான் மெல்கர், காலுறையோடு வழுக்கிக்கொண்டு வந்து. "அழுக்கு ஷூவை உள்ளே விடுவோமா சொல்லு."

சிக்ஸ்டனின் காலுறையில் கட்டைவிரல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அந்தக் காலை மற்றக் காலுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றார்.

கூட்டம் தொடங்கும் முன் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து அவரவர் உள்ளத்து நிலையைச் சொல்ல வேண்டும். வருகைத் தரத்துக்குப் பொறுப்பாளி தூவா என்ற பெண். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "நான் இன்னிக்கு மேகமூட்டமா இருக்கேன். ஆனா மேகத்துக்குப் பின்னாடி ஒரு எண்ணிக்கை மின்னுது" என்றாள். எல்லாரும் தலையாட்டினார்கள். சிக்ஸ்டன் முறை வந்தது.

"எனக்குப் பசிக்குது" என்றார்.

அதையும் தூவா குறித்துக்கொண்டாள்.

பிறகு திரையில் ஒரு வரைபடம் வந்தது. மெல்கர் அதைப் பார்த்துவிட்டு, கெட்ட செய்தி சொல்லப் போகும் வைத்தியர்போல் முகத்தை வைத்துக்கொண்டான். "சிக்ஸ்டன், மனசைத் திடப்படுத்திக்கோ. உன் பக்கத்துக்கு வர்றவங்க யாருமே தங்கறதில்லை. வர்றாங்க, பார்க்கறாங்க, அடுத்த மூச்சுல போயிடறாங்க."

"நம்பரைப் பார்த்துட்டுப் போன் பண்றாங்க."

"அதான் சொல்றேன். உன்னைப் பத்தி ஒரு வரி படிக்கறதில்லை. உன் படத்தைப் பார்க்கறதில்லை. நம்பரை மட்டும் பறிச்சுக்கிட்டு ஓடறாங்க. உன்மேல அவங்களுக்குப் பிரியமே இல்லை."

"அவங்க வெளியே நிக்கறாங்களேப்பா. பனியில. வீட்டுச் செருப்போட."

"அதாவது, உன்கிட்ட வர்றப்போ அவங்க நல்ல மனநிலையில இல்லை?"

"இல்லைதான்."

"பார்த்தியா!" என்றான் மெல்கர். வட்டத்தில் இருந்தவர்கள் பெருமூச்சு விட்டார்கள்.

"முதல் காரியம், நம்பரைக் கீழே இறக்கணும்" என்று தொடர்ந்தான். "விருந்தாளிக்கு வாசல்லயே சாப்பாட்டுப் பொட்டலத்தைக் குடுத்து அனுப்புவியா? உள்ளே வரட்டும். உட்காரட்டும். பூட்டைப் பத்தி நாலு நல்ல விஷயம் படிக்கட்டும். கடைசியில, தகுதியிருந்தா, நம்பர்."

சிக்ஸ்டனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'ஷ்ஷுப்' என்று மூச்சை உள்ளே இழுத்தார்.

இங்கேதான் விஷயம். வடக்கத்தியர்கள் ஆமாம் என்பதை வாய்திறந்து சொல்ல மாட்டார்கள். உதட்டைக் குவித்துக் காற்றை ஒரு இழுப்பு உள்ளே இழுப்பார்கள், அதுதான் சம்மதம். உள்ளூர்க்காரன் அந்த இழுப்பு சம்மதமா, திடுக்கிடலா என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவான். மெல்கர் தெற்கத்தியான். வடக்கே வியாபாரம் செய்வது எப்படி என்று பயிற்சி வகுப்பில் படித்துவிட்டு வந்தவன். அவன் துள்ளி எழுந்தான்.

"சம்மதம்! நம்ம ஊர் முறையில சம்மதம் சொல்லிட்டான். தூவா, எழுதிக்கோ!"

எல்லாரும் கை தட்டினார்கள். கேக் வந்தது. கேக் சாப்பிட்டுக்கொண்டே எப்படி இல்லை என்று சொல்வது? சிக்ஸ்டன் சாப்பிட்டார், பசி வேறு.

அடுத்த கூட்டத்தில் தூவா தடைசெய்யப்பட்ட சொற்களை எழுந்து நின்று வாசித்தாள். "உதவி. சீக்கிரம். இப்பவே. ஐயோ. கடவுளே. இதெல்லாம் தவிப்புச் சொற்கள். இந்தச் சொற்களைப் போட்டுத் தேடறவங்க கண்ணுல இனிமே உன் விளம்பரம் படாது."

"அப்புறம் எழுத்துப்பிழை" என்றான் மெல்கர், வலியோடு. "பூட்டுங்கற வார்த்தையை ஒழுங்கா அடிக்கத் தெரியாதவங்ககூட வந்துட்டு இருந்திருக்காங்க உன்கிட்ட."

"விரல் விறைச்சுப் போயிருக்கும்."

"கையுறையைக் கழட்டாமலே தட்டறாங்க, சிக்ஸ்டன். அந்த அளவுக்குத்தான் அவங்களுக்கு உன்மேல மரியாதை."

அதற்கடுத்த வாரம் தெருவில் நின்று கைபேசியில் தேடுகிறவர்களை விலக்கினார்கள். தெருவில் நிற்பவனுக்குக் கவனம் சிதறும், தரம் குறையும். பிறகு குளிரையே விலக்கினார்கள். மைனஸ் பத்துக்குக் கீழே போனால் விளம்பரம் தானாகத் தூங்கிவிடும்படி ஏற்பாடு. குளிர் ஏறினால் ஜனங்கள் உணர்ச்சிவசப்படுகிறார்கள் என்று தூவா ஆராய்ந்து கண்டுபிடித்திருந்தாள்.

சிக்ஸ்டன் கையைத் தூக்கினார். "அப்ப யாருக்குத்தான் காட்டுவீங்க?"

மெல்கர் ஜன்னல் பக்கம் திரும்பி, தொலைவில் உறைந்து கிடந்த கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "வெதுவெதுப்பான ஒரு அறை. நிதானமான ஒரு மனுஷன். சாவி மேஜைமேல பத்திரமா இருக்கு. அவன் காபியை வெச்சுக்கிட்டு, பூட்டைப் பத்தி ஆழமா யோசிக்கறான். அவனுக்கு."

"சாவி கையில இருக்கறவனுக்கு நான் எதுக்குப்பா?"

"இப்பத்தான் நீ சரியான கேள்விக்கு வந்திருக்கே" என்றான் மெல்கர். அந்தக் கேள்வியைப் பற்றிப் பேச இன்னொரு கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள்.

பக்கத்தை நிரப்ப வேண்டுமே, அதற்காக வடநாட்டுத் தேவாலயச் சாவிகளின் வரலாறு என்று ஒன்றை எழுதிப் போட்டார்கள். பதினாறாம் நூற்றாண்டில் தொடங்கி இறங்கி இறங்கி வந்தால், அடியில், ஒரு சின்ன அறிவுப் போட்டிக்கும் கீழே, டீசாவின் நம்பர் இருந்தது.

பட்டறையில் போன் அடிப்பது நின்றது. முதலில் டீசா அதை எடுத்து எடுத்துப் பார்த்தாள், செத்துவிட்டதோ என்று. உயிரோடுதான் இருந்தது. அப்புறம் கம்பளி நூலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து காலுறை பின்ன ஆரம்பித்தாள். ஒரு ஜோடி முடிந்தது, இன்னொரு ஜோடி முடிந்தது. கூடை நிறைந்துகொண்டே வந்தது. ஆணியில் மஞ்சள் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டார்கள்.

ஒரு நாள் போன் அடித்தது. டீசா ஊசியைக் கீழே போட்டுவிட்டுப் பாய்ந்தாள்.

"கதவு பூட்டிக்கிச்சா? எங்கே நிக்கறே? கால்ல என்ன?"

"கால்ல வெந்நீர்ப் பை" என்றது ஒரு சாவகாசமான கிழட்டுக் குரல். "நான் ஓய்வு பெற்ற பாதிரி, உப்சாலாவுல இருக்கேன். உங்க சாவி வரலாற்றைத் தினமும் படிக்கறேன்மா. பிரமாதம்! என்கிட்ட ஒரு பழைய சாவி இருக்கு, அதைப் பத்திக் கேக்கலாம்னு."

"அந்தச் சாவிக்குக் கதவு எங்கே?"

"கதவு எரிஞ்சு போச்சு. இருநூறு வருஷம் ஆச்சு."

டீசா நல்லவள், அவரிடம் வெகுநேரம் பேசினாள். பேசி முடித்துவிட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். சிக்ஸ்டன் அதைப் பார்க்காத மாதிரி ஒரு பூட்டைக் கழற்றி மறுபடி மாட்டினார்.

ரேனா ஸ்டெக்கில் அந்தப் பாதிரியாருக்குத் தங்க வருகையாளர் என்று பெயர். அவர் எவ்வளவு நேரம் படித்தார் என்பதை வரைபடமாக்கிச் சுவரில் மாட்டியிருந்தார்கள். அதற்கும் கேக் வந்தது.

"இவரைவிட உசத்தியும் இருக்காங்க" என்று தூவா ரகசியம் போலச் சொன்னாள். "வைர வருகையாளர்கள். தினமும் காலையில ஒரே நேரத்துக்கு வருவாங்க. விளம்பரத்தைத் தொடுவாங்க. முதல் வரியிலேருந்து கடைசி வரி வரைக்கும் படிப்பாங்க. அறிவுப் போட்டியில முழு மார்க்!"

"யாரு அந்தப் புண்ணியவான்கள்?" சிக்ஸ்டனுக்கு ஆசை பிறந்தது.

தூவா ஊர் வரைபடத்தைத் திரையில் போட்டாள். வைரப் புள்ளிகள் எல்லாம் ஒரே இடத்தில், ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்திருந்தன. துறைமுகத் தெரு. சிக்ஸ்டன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் போய்ப் பார்த்தார்.

"இது இந்தக் கட்டடம் இல்லையா?"

"ஆமாம்" என்றாள் தூவா, கொஞ்சமும் கூச்சமில்லாமல். "விளம்பரம் நல்லா இருக்கான்னு நாங்க எல்லாரும் தினமும் காலையில தொட்டுப் பார்ப்போம். அதை ஒரு சடங்காவே வெச்சிருக்கோம்."

"நீங்க தொடறதுக்கெல்லாம் நானா காசு குடுக்கறேன்?"

"ஆனா தரத்தைப் பாரு!" என்றான் மெல்கர். உண்மையாகவே அவன் கண்ணில் நீர் தளும்பியது. அவனை எப்படித் திட்டுவது என்று சிக்ஸ்டனுக்குத் தெரியவில்லை. எதிராளி கோபப்பட்டால் நாமும் கோபப்படலாம். அழுகிறவனை என்ன செய்ய?

அந்த வாரமே ரக்ன்ஹில்ட் டீச்சர் பட்டறைக்குள் புயலாக நுழைந்தாள். சிக்ஸ்டனுக்குக் கணக்குச் சொல்லித்தந்தவள், எண்பதைத் தாண்டியவள். கைத்தடியால் தரையைத் தட்டினாள்.

"உயிரோடதான் இருக்கியா நீ? குப்பை போட வந்து வெளியே மாட்டிக்கிட்டேன். போன்ல தேடு தேடுன்னு தேடறேன், உன்னைக் காணோம். நீ செத்துட்டியோன்னு நினைச்சு, பாவம்னு ஒரு நிமிஷம் வருத்தம்கூடப் பட்டேன். மாடி வீட்டுப் பையன் வர்ற வரைக்கும் படிக்கட்டுல உட்கார்ந்திருந்தேன், தெரியுமா?"

"எப்படித் தேடினே டீச்சர்?"

"ஐயோ கடவுளே பூட்டுன்னு போட்டேன். வேற எப்படித் தேடுவாங்க?"

சிக்ஸ்டன் தலையைக் குனிந்துகொண்டார். டீச்சர் போனதும் தன்னுடைய பழைய கோட்டை மாட்டிக்கொண்டு நேரே ரேனா ஸ்டெக்குக்குப் போனார், இனி வேண்டாம் என்று சொல்ல. ஷூவைக் கழற்றினார். வட்டத்தில் உட்கார்ந்தார். "என் உள்ளத்து நிலை என்னன்னா, இதோட நிறுத்திக்கலாம்னு தோணுது" என்றார்.

நல்ல உணர்வு என்றார்கள். விலகுவதைப் பற்றி விவாதிக்க ஒரு முன்கூட்டம் வேண்டும், முன்கூட்டத்துக்கு எல்லாருடைய ஒப்புதலும் வேண்டும், ஒப்புதலுக்குப் பிப்ரவரியில்தான் நேரம் இருக்கிறது என்றார்கள். அதற்குள் மெல்கர் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"இந்த நேரத்துல போறேன்னு சொல்றியே! பரிசு வந்திருக்கு, சிக்ஸ்டன். நாடு முழுக்க இருக்கற தேடல் விளம்பரக்காரங்க சபை குடுக்கற பரிசு. இந்த வருஷத்தின் மிகத் தூய்மையான விளம்பரக் கணக்கு, உன்னோடது! நடுவர்கள் எழுதியிருக்காங்க, கேளு." அவன் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு வாசித்தான். "பல கணக்குகளில் வாடிக்கையாளர்களால் தரம் கெட்டிருந்தது. இந்தக் கணக்கு ஒன்றுதான் கடைசி வரை எந்த வாடிக்கையாளராலும் களங்கப்படாமல் இருந்தது."

சிக்ஸ்டன் ஷூவை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். டீசாவிடம், "எவெர்ட்டை வெள்ளிக்கிழமை வரச் சொல்லிடு" என்றார்.

டீசாவின் பின்னல் ஊசி கொஞ்சம் வேகமாக ஓடியது. "தெற்கே போன் எடுக்கற அந்தப் பொண்ணுங்க, கால்ல என்ன போட்டிருக்கேன்னு கேப்பாங்களா?" என்றாள்.

"கேக்க மாட்டாங்க."

"கேக்கணும். அதுதான் முதல்ல கேக்கணும்."

வெள்ளிக்கிழமை மைனஸ் இருபது. மத்தியானத்திலேயே இருட்டிவிட்டது. பட்டறையில் எவெர்ட் பேனாவை மூடி திறந்து மேஜைமேல் வைத்தான். "சம்பளம் மாசாமாசம் வரும். தூங்கப் போகலாம், எழுந்து வரலாம். உனக்கு என்ன கவலை?" என்றான். சிக்ஸ்டன் பேனாவை எடுத்தார். எங்கே போட வேண்டும் என்று தெரிந்தும், எங்கே என்று கேட்டார். எவெர்ட் விரலால் காட்டினான். மூக்குக்கண்ணாடி எங்கே என்று தேட ஆரம்பித்தார். அது மூக்கின் மேலேயே இருந்தது.

அதே நேரத்தில் தெருக்கோடியில், ரேனா ஸ்டெக்கில், நடந்ததைப் பிற்பாடு தூவா சொல்லித்தான் இவர்களுக்குத் தெரியும். பரிசுக் கண்ணாடிக் கோப்பை வந்திருந்தது. பச்சை நிறக் கேக்கை வெட்டியாயிற்று. நிறுவனத்தின் பெயர்ப்பலகைக்குக் கீழே, பனியில், ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்றான் மெல்கர்.

"ஷூ?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஒரு நொடி வேலை. காலுறையோட நின்னா நம்ம கொள்கையும் படத்துல விழும்" என்றான்.

எல்லாரும் கோப்பையோடு வெளியே வந்து, தோளோடு தோள் நின்று, சிரித்தார்கள். தூவா கைபேசியை நீட்டிப் படம் பிடித்தாள். பின்னால் கதவு டொக்கென்று சாத்திக்கொண்டது.

சாவி, கோட்டு, மற்ற கைபேசிகள், மீதிக் கேக், எல்லாம் உள்ளே. தூவாவின் கைபேசி ஒன்றுதான் வெளியே. அவள் 'பூட்டு' என்று தட்டினாள், விரல் நடுங்கி வேறு என்னவோ விழுந்தது. 'உதவி' என்று தட்டினாள். சிக்ஸ்டனின் விளம்பரம் வரவில்லை. எப்படி வரும்? தெருவில் நிற்கிறார்கள், கைபேசி, எழுத்துப்பிழை, தவிப்புச் சொல், மைனஸ் இருபது. அவர்கள் போட்ட தடை ஒன்றுவிடாமல் அவர்கள் தலையிலேயே வந்து விழுந்தது. உச்சியில் மஞ்சள் கோட்டுக் கம்பெனிதான் நின்றது. கூப்பிட்டாள்.

"கண்டிப்பா ஆள் அனுப்பறோம்" என்றது தெற்கத்தியப் பெண் குரல். "லூலியோவுக்கு நாளைக்குக் காலையில வருவார். பேரு சிக்ஸ்டன் புரோலின். இன்னிக்குச் சாயங்காலம்தான் எங்ககிட்ட சேர்றார்."

மெல்கர் கைபேசியைப் பிடுங்கிச் சிக்ஸ்டனின் பக்கத்தைத் தானே திறந்தான். நம்பர் வேண்டும். பதினாறாம் நூற்றாண்டு வந்தது. தள்ளினான், தள்ளினான், பதினெட்டாம் நூற்றாண்டு வரை வந்தான். அங்கே குளிரில் கைபேசி அணைந்துவிட்டது.

ஆக, சிக்ஸ்டன் வேறு வழியில்லாமல் பேனாவைத் தாளில் வைக்கப் போன சமயம் பட்டறைக் கதவு படாரென்று திறந்தது. காலுறைக் கூட்டம் ஒன்று நொண்டிக்கொண்டு உள்ளே வந்தது, முன்னால் கோப்பையோடு மெல்கர். அந்தப் பனிக்காலத்தில் அந்த விளம்பரத்தால் பட்டறைக்கு நேரில் வந்த முதல் ஆட்கள் அவர்கள்தான்.

"உதவி!" என்றான் மெல்கர். "சீக்கிரம்! இப்பவே வா சிக்ஸ்டன்! ஐயோ கடவுளே, கால்!"

சிக்ஸ்டன் பேனாவைக் கீழே வைத்தார். அவர் உள்ளுக்குள் ஏதோ ஒன்று வெகு நாளைக்குப் பிறகு சோம்பல் முறித்தது.

"டீசா, இதுல எத்தனை தவிப்புச் சொல்?"

"மொத்தமும் அதான்" என்றாள் டீசா.

"குளிர் எவ்வளவு?"

"இருபது."

"சாவி?"

"உள்ளே! உள்ளே!" என்று அலறினாள் தூவா. "மஞ்சள் கோட்டுக் கம்பெனியைக் கூப்பிட்டா, நாளைக்குத்தான் ஆள் வரும்ங்கறாங்க!"

"வெதுவெதுப்பான அறையில, சாவியை மேஜைமேல வெச்சுக்கிட்டு வந்திருந்தா பேசலாம்" என்றார் சிக்ஸ்டன் வருத்தத்தோடு. "நீங்க ரொம்ப உணர்ச்சிவசப்பட்டு வந்திருக்கீங்க. சரி, முதல்ல வட்டமா உட்காருங்க. ஒவ்வொருத்தரா உள்ளத்து நிலையைச் சொல்லுங்க."

"எனக்கு விரலே இல்லாத மாதிரி இருக்கு" என்று தூவா விசும்பினாள்.

"விளையாடினது போதும், பிள்ளைங்க நீலம் பூத்து நிக்குது" என்று டீசா எழுந்து, காலுறைக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் கவிழ்த்தாள். சிவப்பு, சாம்பல், கோடு போட்டது, எல்லாருக்கும் இருந்தது, மிச்சமும் இருந்தது. "எடுத்துக்கோங்க. உங்களுக்குத்தான் சேரணும். நீங்க போனை அடிக்க விடாம பண்ணின நாள்ல பின்னினது."

கூட்டம் தலைகுனிந்து காலுறையை மாட்டியது. சிக்ஸ்டன் கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு மெல்கருக்கு முன்னால் வந்து நின்றார்.

"கதவைத் திறந்துடுவேன். ஆனா நீ வெளியே தள்ளின ஜனம் அத்தனையும் திரும்ப உள்ளே வரணும். எழுத்துப்பிழைக்காரன், ஐயோன்னு கத்தறவன், தெருவுல நிக்கறவன், எல்லாரும். நம்பர் உச்சியில. குடிகாரனையும் ரொட்டிக்கடைப் பையனையும்கூட உள்ளே விட்டுடு, அவங்களை டீசா பார்த்துப்பா. விளம்பரத்தை நீங்க ஒருத்தரும் தொடக்கூடாது. என்ன சொல்றே?"

மெல்கருக்குப் பல் கிட்டியிருந்தது. வாயைத் திறந்தான், பேச்சு வரவில்லை. 'ஷ்ஷுப்' என்று காற்றுத்தான் உள்ளே போனது.

"பாவம், மூச்சு வாங்கறான்" என்றான் எவெர்ட்.

"இல்லை, எங்க ஊர்ல அதுக்குச் சம்மதம்னு பேரு. இவனே எனக்குச் சொல்லித் தந்தான்" என்றார் சிக்ஸ்டன். "டீசா, எழுதிக்கோ."

பிறகு ஆணியிலிருந்து மஞ்சள் கோட்டை எடுத்தார். ஒரு நொடி கையில் பிடித்துப் பார்த்தார். அதை விரித்து மெல்கரின் தோளில் போட்டுப் பொத்தானை மாட்டிவிட்டார்.

"ஏய், அது கம்பெனிச் சொத்து!" என்று எவெர்ட் எழுந்தான்.

"உங்க கம்பெனிக்குப் போன் பண்ணின கூட்டத்து ஆள்தானே இவன்? நாளைக்கு ஆள் வரும்னீங்களாமே. அது வரைக்கும் போட்டிருக்கட்டும்" என்றாள் டீசா, கையெழுத்தில்லாத தாளை மடித்து எவெர்ட்டின் சட்டைப் பையில் சொருகிக்கொண்டே.

அடுத்த மாதம் ரேனா ஸ்டெக்கிலிருந்து அறிக்கை வந்தது. தரம் பாதாளத்துக்குப் போய்விட்டது, வருகிறவர்கள் யாரும் ஒரு மூச்சுக்கு மேல் தங்குவதில்லை, பரிசைத் திருப்பித் தரும்படி சபை கேட்கிறது என்று மெல்கர் எழுதியிருந்தான். சிக்ஸ்டனுக்கு அதைப் படிக்க நேரமில்லை, வேன் வெளியே ஓடிக்கொண்டிருந்தது. டீசா தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, "கால்ல என்ன போட்டிருக்கே? ஒண்ணுமே இல்லையா? அடப்பாவி, குதி குதி" என்று கத்திக்கொண்டிருந்தாள். மேஜைமேல் ஒற்றைக் காலுறை கிடந்தது. மற்றதைப் பின்ன அந்தப் பனிக்காலம் முழுக்க அவளுக்குக் கை ஒழியவே இல்லை.